மின்னலுக்குப் பல் பிடுங்கிய பின்

பெயருக்கும் நடைக்கும் பொருத்தம் தேடுவோர் நுவரெலியா ஏரிக்கரைப் பக்கம் வராதிருப்பதே நலம். சுற்றுலாப் பயணிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அங்கே வலம்வரும் குதிரைகளுள் எது எல்லாவற்றிலும் மெதுவாக நடக்கின்றதோ, அதற்குத்தான் மின்னல் என்று பெயர். பந்தயத் திடலில் ஓடிய காலத்தில் அதற்கு எவர் வாயிலும் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்ததாம். ஓட்டம் ஓய்ந்து, கை மாறிக் கை மாறி, இரும்புக்கடை முதலாளியின் கொட்டிலுக்கு அது வந்து சேர்ந்த அன்று, குதிரையை நடத்துவதற்கு அமர்த்தப்பட்ட அழகன்தான் புதுப் பெயர் சூட்டினான். "காலு ஓடாட்டியும் பேராவது ஓடட்டும்" என்றான்.

அந்த மின்னல், மாசி மாதத்துப் பனி விலகாத ஒரு காலைப் பொழுதில், கொட்டிலின் முன்னே தலையைத் தொங்கவிட்டு நின்றது. வாயோரமாக வெதுவெதுப்பான உப்புநீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரே, குழாய் பொருத்திய போத்தலைக் கையில் ஏந்தி நின்றாள் அழகனின் மனைவி பூரணி.

"தொற. இன்னுங் கொஞ்சம் தொற. எனக்கு மட்டும் ஆசையா என்ன, ஒன் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு?"

மின்னல் திறந்தது. இடப்பக்கக் கீழ்த்தாடையில், கடைவாய்ப் பல் இருந்த இடத்தில், கட்டைவிரல் நுழையுமளவுக்கு ஒரு குழி. பூரணி நீரைப் பீய்ச்சினாள். தவிட்டுத் துணுக்குகள் நீரோடு வழிந்து மண்ணில் விழுந்தன. கழுவி முடிந்ததும் குதிரை அவளுடைய வலது உள்ளங்கையை மூக்கால் முட்டியது. அங்கே முன்பெல்லாம் சீனி இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரையும் போலவே பூரணியும், உள்ளங்கையில் சிறிது சீனியைக் கொட்டிக்கொண்டு, அதை நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்பவள். கடைசியில் கையில் ஒட்டியிருக்கும் மிச்சம் மின்னலுக்கு உரியது. இப்போது அதற்கும் தடை.

"ஒண்ணுமில்ல. பாத்துக்க" என்று வெறுங்கையை விரித்துக் காட்டினாள். மின்னல் அவ்வெறுங்கையையே நெடுநேரம் மோந்துகொண்டு நின்றது.

இந்தத் துன்பமெல்லாம் மார்கழியில் தொடங்கியது. புல்லை மென்று மென்று, விழுங்காமலேயே உருண்டையாகத் துப்பும் பழக்கம் குதிரைக்கு வந்தது. கடிவாளத்து வாரைப் பிடித்தால் தலையை ஒரு வெட்டு வெட்டி உதறியது. 'கொழுப்பு' என்று தீர்ப்பளித்தது ஏரிக்கரை. 'வார இறுக்கிப் புடிண்ணே, சரியாப் போயிரும்' என்றான் உடன் குதிரை நடத்தும் மாயாண்டி. அழகனும் இறுக்கிப் பிடித்தான். அப்படிப் பிடித்த ஒரு நாளில், குதிரை தலையை உதறிய வேகத்தில் ஈரக்கரையில் கால் வழுக்கிக் கற்படியில் இடுப்பு மோதி விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின்னும் சுவரைப் பற்றாமல் அவனால் எழ முடியவில்லை. கொட்டிலை ஒட்டிய ஒற்றை அறையும், அதன் சன்னலோரக் கட்டிலுமே அவனுக்கு உலகமாயின. குதிரையை நடத்தும் வேலை பூரணியின் கைக்கு வந்தது.

ஊரெல்லாம் குதிரையைத் திட்டியபோது, விழுந்தவன் மட்டும் அதைத் திட்டவில்லை. "அது வாயில என்னமோ இருக்கு புள்ள. மூச்சு விட்டா ஒரு கெட்ட வாட வருது. டொக்டரக் கூப்புடச் சொல்லு" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. ஹட்டனிலிருந்து மிருக வைத்தியர் நிரஞ்சன் வந்தார். மயக்க ஊசி போட்டு, இரும்புச் சட்டமொன்றால் வாயைத் திறந்து நிறுத்தி, அரைநாள் போராடி, அழுகிய பல்லை வேரோடு எடுத்தார். மனிதனின் நடுவிரலைவிட நீளமான பல். குதிரையின் தலையைத் தோளில் தாங்கி நின்ற பூரணி, அதைக் கண்டதும் தன்னையறியாமல் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். சென்ற ஆண்டு அவளுக்கும் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டிருந்தது.

"அக்கா, இந்தக் குழி தானா மூடணும்" என்றார் வைத்தியர். "அதுவரைக்கும் ஒரு துணுக்குத் தீனிகூட உள்ள தங்கக்கூடாது. தின்னதும் கழுவுங்க. எல்லாம் ஊறவச்சு, அவிச்சு, மசிச்சுக் குடுங்க. கடிவாளத்தக் கிட்டயே கொண்டு போகாதீங்க. நான் பாத்துச் சொன்ன பொறகுதான்."

"இனிப்பு?"

"வேணாம்."

"நா கையில வச்சிருக்கிற சீனி டொக்டர். கொஞ்சோண்டு."

"கொஞ்சோண்டும் வேணாம்."

சன்னலுக்குள்ளிருந்து அழகன் குரல் கொடுத்தான்: "அந்தப் பல்ல எனக்குக் குடுத்துருங்க டொக்டர். என் இடுப்ப ஒடச்சது அதுதான். கண்ணு முன்னாடி வச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

பல் கழுவப்பட்டுச் சன்னல் கட்டையில் வைக்கப்பட்டது.

*

பல் பிடுங்கி இரண்டு நாள் கழித்து முதலாளியின் மகன் இல்ஹாம் வந்தான். தந்தை காலமான பின் இரும்புக்கடையும் குதிரைகளும் அவன் பொறுப்பில் இருந்தன. நல்ல பிள்ளைதான். வைத்தியரை அழைத்து வந்தவனும் அவனே. ஆயினும் வியாபாரம் செய்பவனுக்குச் சித்திரை மாதம் என்பது தனிக் கணக்கு. அம்மாதத்தில்தான் நாடெல்லாம் வெயிலுக்கு அஞ்சி நுவரெலியாவுக்குத் திரண்டு வரும்.

"பூரணியக்கா, நான் கெட்டவன் இல்ல" என்று தொடங்கினான். இவ்வாறு தொடங்குவோர் அடுத்து என்ன சொல்வார்கள் என்பதைப் பூரணி அறிவாள். "சீசன் வருது. சீசனுக்கு நிக்காத குதிரைய வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்ய? நீர்கொழும்புப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் கேக்குறார். கடற்கரையில கட்டி வச்சுப் படம் புடிக்கிறதுக்காம். ஏறிப் போறதுக்கு இல்ல, அதனால கடிவாளம் தேவப்படாது. புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழம லொறி வரும். அதுக்குள்ள மின்னல் கடிவாளம் போட்டு, ஆள ஏத்திக்கிட்டு நடந்துச்சுன்னா, லொறி வேணாம்னு நானே சொல்லிர்றேன். இன்ஷா அல்லாஹ்."

"கடிவாளம் இல்லாம, சும்மா கயித்தப் புடிச்சு நடத்துனா ஆகாதா சின்ன முதலாளி?"

"ஒங்களுக்குத் தெரியாததா? ஏரிக்கரையில நம்ம ஆக்களே சேந்து போட்ட கட்டுப்பாடு. அவ்வளவு சனத்துக்குள்ள, வாகனத்துக்குள்ள, கடிவாளம் இல்லாத குதிரையில புள்ளைகள ஏத்த யார் விடுவாங்க?"

"நடக்காட்டி?"

இல்ஹாம் அவளைப் பார்க்கவில்லை. கொட்டிலின் கூரைத் தகரத்தையும், அதை ஒட்டிய அறையையும் பார்த்தான். "இந்த எடம் கடச் சாமான் வைக்கத் தேவப்படும் அக்கா."

அவன் போன பின் பூரணி கொட்டில் வாசலில் சற்றே நின்றாள். அவ்வறையில் இருவர் படுத்தால் மூன்றாமவர் நிற்கத்தான் இடமிருக்கும். ஆயினும் அதற்குக் கதவு இருந்தது. அக்கதவைச் சாத்தினால் அது அவர்களுடையது. அதை விட்டால் அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுதான் கதி. அங்கே அழகனின் தம்பி குடும்பம் வாழும் ஒற்றைக் காம்பராவில், நடுவே பழஞ்சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, இரண்டு குடும்பங்கள் ஒருவர் இருமலை மற்றவர் கேட்டுக் கழித்த காலத்தை அவள் மறக்கவில்லை. சுவரைப் பிடித்து நடக்கும் கணவனோடு அச்சேலைக்குப் பின்னால் மீண்டும் போய்ப் படுப்பதை நினைத்தபோது, அவளுக்கு அழுகை வரவில்லை, கால்கள்தாம் வலித்தன.

*

குதிரைக்கு ஓய்வு வாய்த்தது, பூரணிக்கு வாய்க்கவில்லை. முற்பகலில் அவள் கரட் கிழங்கு கழுவும் இடத்துக்கு வேலைக்குப் போனாள். தொட்டியில் விழும் ஓடை நீர் கத்தியைப் போல் அறுக்கும். மூட்டை மூட்டையாகக் கரட்டை அதில் கொட்டித் தேய்த்துத் தேய்த்து, கை தனதா பிறருடையதா என்று தெரியாத நிலை வந்ததும் வீடு திரும்புவாள். விலைபோகாத ஒடிந்த கரட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வந்ததும் அவற்றை அவிக்க வேண்டும், மசிக்க வேண்டும், தவிட்டோடு பிசைந்து வைக்க வேண்டும், தின்றதும் வாயைக் கழுவ வேண்டும். அதன் பின் அழகனின் இடுப்புக்கு எண்ணெய். கொட்டிலைக் கூட்டி, புல்லறுத்து, நறுக்கி நனைத்து வைத்தால் அடுத்த வேளைத் தீனி வந்துவிடும். உழைப்பு அவளுக்குப் புதிதன்று. கூடை சுமந்து மலை ஏறியவள்தான். ஆனால் கொழுந்துக்கூடையை நிறுவைக்குப் பின் இறக்கி வைக்கலாம். இந்தச் சுமையை இறக்கி வைக்க ஓரிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

குழி மூடத் தொடங்கியது. ஓரங்கள் இளஞ்சிவப்பாகச் சுருங்கி வந்தன. அவளும் சிறிது நிம்மதி கொண்டாள். அந்த நிம்மதி ஒரு கிழமையும் நிலைக்கவில்லை.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது, மின்னலின் தாடை வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. தவிட்டைச் சீண்டவில்லை. வாயைத் திறந்து நீரைப் பீய்ச்சியபோது, குழிக்குள்ளிருந்து வெண்ணிறமான பசைபோன்ற ஒன்று கட்டியாக வெளிவந்தது. பூரணி அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். மாவு. மாவுக்கு நடுவே தேங்காய்ப்பூ. அதற்கும் நடுவே மிளகாய்த் தூளின் சிவப்பு.

அவள் சன்னலைப் பார்த்தாள். சன்னலுக்குள்ளே அழகன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு காலையிலும் அவள் தேங்காய் ரொட்டி சுட்டு, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு சன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பகலெல்லாம் தனித்துக் கிடப்பவன் பசித்தபோது கையெட்டி எடுத்துத் தின்பதற்காக.

"இந்தாங்க, இது என்ன?"

"எது?"

"என் வெரல்ல இருக்கிறது."

அழகன் திரும்பிப் பார்த்தான். "அது என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு புள்ள. நானும் அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வேற யாரு இருக்கா இங்க, நா பாக்கிறதுக்கும் என்னப் பாக்கிறதுக்கும்? ஒரு துண்டுதான்..."

"ஒரு துண்டா?"

"தெனம் ஒரு துண்டு."

"பாத்தா ரொட்டியக் குடுத்துருவீங்களா? என்னையுந்தான் தெனமும் பாக்குறீங்க. 'செத்த நேரம் குந்து புள்ள'ன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் வலு வேண்டும். அழகன் சன்னல் கட்டையிலிருந்த பல்லை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மறுபடியும் நிரஞ்சன் டொக்டர் வர வேண்டியதாயிற்று. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஊசி போட்டார். நடந்ததைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சம்பலோட குடுத்தீங்களாண்ணே?" என்றார்.

"வெறும் ரொட்டி தொண்டையில நிக்கும்னு..." என்றான் அழகன், சுவரைப் பார்த்தவாறே.

அன்று முதல் அவ்வீட்டில் ரொட்டி சுடப்படவில்லை. குதிரைக்கும் கஞ்சி, குதிரைக்காரனுக்கும் கஞ்சி. "ரெண்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே சட்டி. எனக்கு வேல மிச்சம்" என்றாள் பூரணி. எந்த வேலையும் மிச்சமாகவில்லை என்பதை மூவரும் அறிந்திருந்தனர். ஆனால் இழந்த நாட்கள் இழந்தவைதாம். பங்குனி பிறந்துவிட்டது.

*

பங்குனிப் பிற்பாதியில் வைத்தியர் மூன்றாம் முறையாக வந்து, குழி நன்றாக மூடிவிட்டது என்றார். கடிவாளத்தை மெல்ல மெல்லப் பழக்கலாம், வாயைக் கழுவிவிட்டால் சீனியும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றார். குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மெல்லப் பழக்குவதற்கு மின்னல் இடம் கொடுக்கவில்லை. காலையில், கொட்டில் ஆணியில் தொங்கிய கடிவாளத்தை எடுத்துக்கொண்டு பூரணி அருகில் போனாள். இரும்பு உதட்டில் பட்டதும் குதிரை தலையை வானுக்கு உயர்த்திப் பற்களைக் கிட்டித்துக்கொண்டது. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாள், அவள் ஆணிப்பக்கம் போவதைக் கண்டதுமே பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

செய்தி ஏரிக்கரைக்கு எட்டியது. மாயாண்டி வந்து சேர்ந்தான்.

"மதினி, ஒங்களுக்கு எரக்கம் ஜாஸ்தி. இது எரக்கத்துக்கு அடங்கிற சாமான் இல்ல. காதப் புடிச்சு ஒரு திருகு திருகுனா வாயத் தொறந்துரும்."

"வேணாம் மாயாண்டி. புண்ணு இப்பத்தான் ஆறியிருக்கு."

"புண்ணு ஆறிருச்சு, திமிரு ஆறல. இதுக்குப் பேரு மின்னலாம்! தோட்டத்துல பேர் கூப்புடுற பெரட்டுக்கு லேட்டாப் போயி கணக்கப்புள்ளகிட்ட ஏச்சு வாங்குற ஆளு மாதிரி நடக்குற கழுதைக்கு."

"வாய மூடு. அதுக்குக் காது கேக்கும்" என்றான் சன்னலிலிருந்து அழகன்.

மாயாண்டி காதைப் பிடித்தான். மறுகையால் இரும்பைப் பற்களுக்கிடையே அழுத்தினான். 'கடக்' என்று ஒரு சத்தம். மின்னல் முன்னங்கால்களைத் தூக்கியது. அவ்வளவு வேகம் அந்தக் குதிரையிடம் இருக்குமென்று எவரும் எண்ணியதில்லை. அடுத்த கணம் குதிரை கொட்டிலின் மறுகோடியில் நடுங்கிக்கொண்டு நின்றது. மாயாண்டி லத்திக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாயாண்டி, சீட்டு மெத்துன்னு இருக்கா?" என்று கேட்டான் அழகன்.

"சிரிங்கண்ணே, சிரிங்க. சனிக்கிழம லொறி வரும்போதும் இப்பிடியே சிரிங்க."

அதைச் சொன்ன பின் அவன் முகமே வாடிவிட்டது. காற்சட்டையைத் தட்டிக்கொண்டு போனான். சன்னலுக்குள்ளும் சிரிப்பு நின்றது. பூரணி கீழே கிடந்த கடிவாளத்தை எடுத்துத் துடைத்து ஆணியில் மாட்டினாள். அன்று புதன்கிழமை.

*

வியாழன் விடியலில் மூடுபனி கொட்டிலுக்குள்ளேயும் புகுந்திருந்தது. தகரத்திலிருந்து பனிநீர் சொட்டியது. பூரணி பைப்படியில் முகம் கழுவி, ஒரு வாய்த் தண்ணீரால் கொப்புளித்தாள். கொப்புளித்தவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். பல் பிடுங்கிய இடம். ஆண்டொன்று கழிந்தும், ஈறு நன்றாக ஆறியும், பனிக்காலத்துத் தண்ணீர் பட்டால் அங்கே ஊசி இறங்கும். வலி என்று சொல்ல முடியாது; ஆனால் உச்சந்தலை வரை கூசும். ஆதலால் அவள் காலையில் தேத்தண்ணியால்தான் வாய் கொப்புளிப்பாள். இன்று களைப்பில் மறந்துபோனாள்.

அடுப்படிக்குப் போய், கொதித்து இறக்கிய தேத்தண்ணியில் ஒரு மிடறை வாய்க்குள் வாங்கி, அந்தப் பக்கமாகவே ஒதுக்கி வைத்துக்கொண்டாள். கூச்சம் மெல்ல அடங்கியது. வாய் நிறையத் தேத்தண்ணியோடு, எதையும் நினைக்கும் தெம்பின்றிக் கொட்டிலைப் பார்த்தபடி நின்றாள்.

ஆணியில் கடிவாளம் தொங்கியது. இரவெல்லாம் பனியில் தொங்கிய இரும்பு. அதன் நுனியில் ஒரு துளி.

பூரணி போய் அதைத் தொட்டாள். கரட் தொட்டியின் குளிர். மலைநாட்டுக்கு வெளியே இல்லாத குளிர். இதைத்தான் அவள் நாள்தோறும் விடிந்ததும் எடுத்துப்போய், குதிரையின் புதிதாக ஆறிய ஈறின் மேல் வைத்திருக்கின்றாள்.

வாயிலிருந்ததை விழுங்கினாள். கடிவாளத்தை ஆணியிலிருந்து எடுத்து, அதன் இரும்பைத் தேத்தண்ணிச் சட்டிக்குள் அமிழ்த்தினாள்.

"என்ன புள்ள, கடிவாளத்தையா காய்ச்சிற?" என்றான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த அழகன்.

"பேசாம இருங்க."

இரும்பு கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்தாள். உள்ளங்கையில் அதைக் கிடத்தி, மேலே சிறிது சீனியைத் தூவிக்கொண்டு, குதிரையின் அருகே போனாள். ஆனால் குதிரையை நோக்கிப் போகவில்லை. தீனிப்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, இடக்கையால் கோப்பையை எடுத்து, வழக்கம்போல் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினாள்.

மின்னல் நெடுநேரம் நகரவில்லை. பின்னர் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. அதன் மூச்சு அவளுடைய மணிக்கட்டைச் சுட்டது. உதடு உள்ளங்கையைத் தேடியது, சீனியைக் கண்டது, சீனியோடு இரும்பையும் கண்டது. நின்றது. பூரணி அசையவில்லை. குதிரை நக்கியது. சூடான, இனிப்பான, தேயிலை வாசம் வீசும் அந்த இரும்பைத் திரும்பத் திரும்ப நக்கியது.

அன்று முழுவதும் அவள் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. வேலைக்கும் போகவில்லை. வாயை நன்றாகக் கழுவிவிட்டு, நேரம் கடந்து மறுபடி இரும்பைச் சூடாக்கினாள், மறுபடி உள்ளங்கை. மாலையில் இரும்பு உதட்டைத் தாண்டி உள்ளே போய், தானாகவே வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில், தலைவாரை அவள் காதுக்குப் பின்னால் மாட்டியபோது, மின்னல் இரும்பை மென்றுகொண்டு நின்றது.

சன்னல் கட்டையில் மோவாயை ஊன்றி அழகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

சனிக்கிழமை இல்ஹாம் நேரத்தோடு வந்துவிட்டான். லொறி பாதி வழியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். மாயாண்டியும் வந்திருந்தான். கடிவாளம் பூட்டி, சேணம் கட்டி, மின்னல் முற்றத்தில் நின்றது.

"மாட்டியாச்சா! மாஷா அல்லாஹ்" என்றான் இல்ஹாம். "சரி, யாராவது ஏறுங்க. ஆள ஏத்திக்கிட்டு நடக்குதான்னு பாக்கணும். மாயாண்டிண்ணே?"

"நானா? போதும் முதலாளி. நா இன்னும் ஒழுங்காக் குந்த முடியாமத் திரியிறேன்."

"அக்கா கயித்தப் புடிக்கணும். அப்ப யார் ஏர்றது?"

அப்போது அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் தடியும் மறுகையில் சுவருமாக அழகன் வெளியே வந்தான். முற்றத்து வெளிச்சத்தில் அவன் கண் கூசியது. சுவர் முடிந்த இடத்தில் சற்று நின்றான். பின்னர் சுவரை விட்டான்.

"நா புடிக்கிறேன். பூரணி ஏறட்டும்."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? இடுப்பு..."

"நடந்தாத்தான் சரியாகும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கள்ல. இந்தக் குதிர நடக்குற வேகத்துக்கு என் இடுப்பே தாங்கும். ஏறு புள்ள."

பூரணி இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரைக் குதிரை ஏறப் பார்த்திருக்கின்றாள். கொழும்பிலிருந்து வரும் புதுமணப் பெண்கள், கறுப்புக் கண்ணாடி அணிந்த கனவான்கள், அழும் குழந்தைகள். தான் ஏறியதில்லை. ஏற நினைத்ததும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தீனிப்பெட்டியின் மேல் கால் வைத்து, மாயாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டிய தோளைப் பிடித்து, ஒருவாறு மேலே போய் அமர்ந்தாள்.

அழகன் வாரைப் பிடித்தான். பிடித்தான் என்பதைவிட, வார் அவன் விரல்களில் தொங்கியது என்பதே பொருந்தும். மின்னல் நடந்தது.

முற்றத்தைக் கடந்து, மதிலோரப் பாதையில் இறங்கி, ஏரி தெரியும் வளைவு வரைக்கும் போயினர். தடி முதலில், அழகன் அடுத்து, குதிரை பின்னால். அந்த வளைவில் ஒரு முச்சக்கர வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு உராய்வதுபோல் கடந்து போனது. மின்னல் தலையை உதறியது. அதே உதறல், ஏரிக்கரையில் ஒருவன் இடுப்பை முறித்த அதே வெட்டு. முற்றத்து வாசலில் நின்ற இல்ஹாம் "அல்லாஹ்!" என்றான். பூரணி பிடரி மயிரை இரு கைகளாலும் பற்றினாள்.

அழகன் வாரை இறுக்கவில்லை. இறுக்க நினைத்திருந்தாலும் அவன் கையில் அதற்கான வலு இல்லை. உதறிய தலையோடு வார் மேலே போயிற்று. தலை தாழ்ந்தபோது வாரும் தாழ்ந்தது. இழுப்பு எதுவும் இல்லாததை மின்னல் ஒரு கணம் நின்று ஆராய்ந்தது போலிருந்தது. பின்னர் இரும்பை ஒருமுறை மென்றுவிட்டு, தன் வழக்கமான நடையைத் தொடர்ந்தது.

முற்றத்துக்குத் திரும்பியபோது இல்ஹாம் கைபேசியில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். வேண்டாம், திரும்பிப் போகச் சொல்லுங்கள், ஆம், குதிரை ஏரிக்கரைக்கு வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று யாரிடமோ விளக்கினான். பேசி முடித்துக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

"முடிஞ்சுது அக்கா. திங்கக்கிழம ஏரிக்கரைக்குக் கொண்டு வாங்க. மொதல்ல சின்னப் புள்ளைகள மட்டும் ஏத்துவோம். சரி, எறங்குங்க."

பூரணி இறங்கவில்லை. மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், வந்தது மகிழ்ச்சியன்று. மார்கழி முதல் தூக்கி நின்ற தோள்கள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. கீழே, வியர்த்த முகத்தோடு, தடியில் சாய்ந்து கணவன் நின்றான். அவளைத் தூக்கிக்கொண்டு வேறோர் உயிர் நின்றது. அவளுக்குக் கண் சொக்கியது.

"சின்ன முதலாளி, நா இப்பத்தான் குந்தியிருக்கேன்" என்றாள்.

இல்ஹாமுக்கு விளங்கவில்லை. மாயாண்டி ஏதோ பகடி சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

அழகன் வாரை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "குந்து புள்ள. எறங்காத" என்றான். "இன்னொரு சுத்து போய்ட்டு வருவோம். மெதுவாத்தான் போகும்."

மின்னல் மெதுவாகத்தான் போயிற்று.